மாக் டிரில்லை ராத்திரி மூன்று மணிக்கு வையுங்கள்: மும்பை ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கும், டிரஸ்டி அவர்களுக்கும், இந்த மும்பையில் பத்துப் படுக்கையோ இருநூறு படுக்கையோ வைத்து ஆஸ்பத்திரி நடத்தும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். நாகர்கோவிலில் படித்துவிட்டு 1989இல் தாதரில் வந்து இறங்கியவள். கிழக்குப் புறநகரில் ஐந்து நர்சிங் ஹோம்களில் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி நைட் டூட்டி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வீட்டுக்கு வந்து சேரலாம் என்று நானாகக் கேட்டு வாங்கியது.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. எனக்கு வேலை கொடுத்த டாக்டர்களில் பாதிப் பேர் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த நம் ஆட்கள். சம்பள உயர்வு கேட்டால் இந்தியில் பதில் வரும். அவர்கள் அம்மாவையே அட்மிட் செய்யும்போது மட்டும், "சிஸ்டர், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று தமிழ் வந்துவிடும். அந்தத் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். உங்கள் தீ ஒத்திகையைப் பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு வையுங்கள்.

பதினொரு மணி மாக் டிரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு இரும்புத் தட்டு. அதில் டீசலில் நனைத்த துணி. தீயணைப்புக் கருவி ஏஜென்சி ஆள் சிவப்பு சிலிண்டரைத் தூக்கி, பின்னை இழுத்து, புஸ் என்று அடித்துக் காட்டுவார். எல்லோரும் கைதட்டுவோம். பேனரைப் பிடித்தபடி போட்டோ. அப்புறம் சமோசா, டீ. ராத்திரி டூட்டி முடித்துக் காலை எட்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய சிஸ்டர்களைக் கையெழுத்துக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள். அவர்கள் கண் எரியச் சுவரோரம் சாய்ந்து நிற்பார்கள். நானும் அப்படிப் பல தடவை நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த சிலிண்டர் என் கைக்கு வந்ததில்லை.

இப்போது தீ எப்போது வந்தது என்று பாருங்கள். 2011 டிசம்பர் 9, கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ ஆஸ்பத்திரி: விடியற்காலை மூன்றரை மணி வாக்கில். கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் சாமான்களை அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே பிடித்த தீயின் புகை ஏசி குழாய் வழியாக மேலே ஏறி, தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் தூக்கத்திலேயே கொன்றது. இறந்தவர்கள் தொண்ணூறு பேர் அளவில். 2020 ஆகஸ்ட், அகமதாபாத்: விடியற்காலை மூன்று மணிக்கு மேல். 2021 ஜனவரி 9, பண்டாரா மாவட்ட ஆஸ்பத்திரி: நள்ளிரவு தாண்டி. பிறந்த குழந்தைகள் பிரிவில் இருந்த 17 குழந்தைகளில் 10 போயின. அதே வருஷம் மார்ச்சில் நம் மும்பை பாண்டுப், நள்ளிரவு வாக்கில். ஒரு மாலின் மூன்றாவது மாடியில் கோவிட் ஆஸ்பத்திரி. ஏப்ரல் 23, விரார்: மூன்று மணிக்கு, ஐசியூ ஏசியில் தொடங்கியது, அன்றைக்கே 13 பேர். ஐந்தே நாளில் மும்ப்ரா, மூன்றரை மணிக்கு மேல், நான்கு பேர். 2024இல் டெல்லி விவேக் விஹாரிலும் ஜான்சியிலும் பச்சைக் குழந்தைகள். இரண்டும் ராத்திரி பத்தரைக்கு மேல்.

பகலிலும் வந்திருக்கிறது, மறைக்கவில்லை. 2018 டிசம்பரில் அந்தேரி இஎஸ்ஐ ஆஸ்பத்திரித் தீ சாயங்காலம் நாலு மணிக்கு. 2021 நவம்பரில் அகமதுநகர் சிவில் ஆஸ்பத்திரியில் முற்பகலிலேயே 11 பேர். ஆனால் பகல் தீயில் ஓடி வர ஆள் இருக்கும். பிளம்பர் இருப்பார், லிஃப்ட்காரர் இருப்பார், ஆபீஸ் பையன்கள் இருப்பார்கள், பார்வை நேரத்துக்கு வந்த மச்சான்மார்கள் இருப்பார்கள். ராத்திரி யார் இருக்கிறார்கள்? மாடிக்கு ஒரு சிஸ்டர், ஒரு மௌசி, அதாவது ஆயாம்மா. கேஷுவாலிட்டியில் ஒரு ஆர்எம்ஓ, அதாவது டூட்டி டாக்டர். கேட்டில் ஒரு வாட்ச்மேன். உங்கள் ஆஸ்பத்திரி ராத்திரியில் வேறொரு ஆஸ்பத்திரி, டாக்டர். அதை நீங்கள் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்வேன். போன் வந்தால் வருகிறீர்கள், நோயாளியைப் பார்க்கிறீர்கள், போகிறீர்கள். காரிடார் லைட்டில் பாதியை அணைத்துவிட்ட பிறகு அந்த மாடி எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள், பத்து வருஷம் ஆகிறது.

ஆறு படுக்கை ஐசியூ. இரண்டு பேர் வென்டிலேட்டரில், ஒருவர் முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப்பில். நானும், மணிப்பூரிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண்ணும் டூட்டி. மணி இரண்டே கால். முதலில் வந்தது வாசனை. மீன் கருகுகிற மாதிரி. யாரோ சொந்தக்காரர் டப்பாவைச் சூடு பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். வயரின் மேலுறை வெந்தால் அந்த வாசனைதான் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஏசியின் வாயிலிருந்து நூல் மாதிரி கறுப்புப் புகை. அது நூலாக இருந்தது பத்து எண்ணும் வரைதான். உருகிய பிளாஸ்டிக் சொட்டு ஒன்று நாலாம் பெட்டின் திரையில் விழுந்தது.

சிவப்பு சிலிண்டர் ஈசிஜி மிஷினுக்குப் பின்னால் இருந்தது. மிஷினை நகர்த்தி எடுத்துவிட்டேன். பின்னை இழுத்தேன், வரவில்லை. பின்னோடு ஒரு பிளாஸ்டிக் சீல் கட்டியிருந்தது. அதைத் திருகி இழுத்தால் அறுந்துவிடும், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பகல் ஒத்திகையில் ஏஜென்சி ஆள் அதை முன்னாலேயே அறுத்து வைத்திருப்பார் போல, நான் பார்த்ததே இல்லை. கடைசியில் பிளாஸ்டர் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினேன். அதற்குள் திரை பிடித்துக்கொண்டது. அடித்தேன். வெள்ளைத் தூள் கால் நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. பாதி சுவருக்குப் போயிருக்கும். சுடரைப் பார்த்து அடிக்கக் கூடாது, தீயின் அடியைக் குறிவைத்து இடம் வலமாக வீச வேண்டும் என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? "தீ! தீ!" அத்தனை வருஷம் மும்பையில் குப்பை கொட்டிவிட்டு, அந்த நேரத்தில் தீக்கு இந்தியில் சொல்லும் 'ஆக்' என்ற இரண்டெழுத்து வாயில் வரவில்லை. வெளியே காரிடாரில் படுத்திருந்த சொந்தக்காரர்கள் ஏதோ சண்டை என்று நினைத்துப் புரண்டு படுத்தார்கள். தாராவியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி மட்டும் விருட்டென்று எழுந்து, என் தமிழை இந்தியில் மாற்றி ஒரு கூப்பாடு போட்டார். அந்தக் கூப்பாட்டில்தான் மாடி எழுந்தது.

இரண்டாம் பெட்காரரின் மகன் எலக்ட்ரீஷியன். "சிஸ்டர், எம்சிபி எங்கே?" என்று மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாலு வருஷம் வேலை பார்த்த இடம். அவரே தேடி, ரிசப்ஷனுக்குப் பின்னால் பூட்டியிருந்த மரப்பெட்டியை உடைத்து மின்சாரத்தை நிறுத்தினார். வென்டிலேட்டர்கள் பேட்டரிக்குத் தாவின. நாங்கள் பெட்களை உருட்டிக்கொண்டு பின்படிக்கட்டுக்குப் போனால், கதவில் சங்கிலியும் பூட்டும். சாவி கேட்டில். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்: கிழிந்த மெத்தைகள், கால் உடைந்த கமோடு நாற்காலி, பழைய எக்ஸ்ரே கட்டுகள், கூரை வரைக்கும்.

யாரும் சாகவில்லை. மின்சாரம் போனதும் தீ அடங்கிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு என் திறமை காரணமில்லை, ஒரு பாட்டியின் தொண்டையும் ஒரு எலக்ட்ரீஷியனின் கையும்தான் காரணம். அவர்கள் இரண்டு பேருடைய கையெழுத்தும் எந்த ஒத்திகை ரிஜிஸ்டரிலும் இல்லை. காலையில் மேனேஜர் வந்து, "சிஸ்டர், வெளியே பேச வேண்டாம்" என்றார். புது ஏசி வந்தது. ஆறு மாதம் கழித்து நான் விலகியபோதும் அந்தச் சங்கிலி அங்கேயேதான் தொங்கியது. ரிசப்ஷனில் ஃபார்ம் பி என்ற தீப் பாதுகாப்பு சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

ஃபார்ம் பி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மகாராஷ்டிரத்தின் 2006ஆம் வருஷத்துத் தீத்தடுப்புச் சட்டப்படி வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், லைசென்ஸ் உள்ள ஏஜென்சியிடம் வாங்கிக் கொடுக்க வேண்டியது அது. கருவிகள் வேலை செய்யும் நிலையில் இருக்கின்றன என்பதற்கு அத்தாட்சி. கருவியை எடுக்கப்போகிற கைக்கு அத்தாட்சி யார் கொடுப்பது? 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கோவிட் ஆஸ்பத்திரிகளுக்கு மாதம் ஒரு முறை தீத்தணிக்கை செய்யுங்கள், பொறுப்பாக ஒரு அதிகாரியை வையுங்கள் என்று உத்தரவிட்டது. பாண்டுப் தீயும் விரார் தீயும் அதற்கப்புறம் வந்தவை.

ராத்திரி மூன்று மணிக்கு ஒத்திகை வைத்தால் என்ன தெரியவரும்? முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்: ஆக்சிஜன் வால்வை மூடுவது யார்?

இது உங்களுக்கும் எனக்கும் தெரிந்த சங்கடம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஐசியூவில் முகமூடி விலகி, குழாய் கசிந்து, அது 23ஐத் தாண்டினாலே துணியும் தலைமுடியும் பிடிக்கிற வேகம் மாறிவிடும். தீ வந்தால் அந்த அறைக்குப் போகும் ஆக்சிஜனை வெளியே இருக்கும் பெட்டியில் மூட வேண்டும். ஆனால் மூடினால் வென்டிலேட்டர் ஆள்? அதனால் முதலில் ஒருவர் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கைப் பிடிக்க வேண்டும், கையடக்க சிலிண்டர் பக்கத்தில் வர வேண்டும், அப்புறம்தான் வால்வு. இத்தனையும் அரை நிமிடத்துக்குள். மூன்று வாரம் ஆன பெண் அதைச் செய்வாளா? செய்தால், "யாரைக் கேட்டு மூடினாய்?" என்று மறுநாள் கேட்க மாட்டீர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? ராத்திரி டூட்டியில் மூத்த சிஸ்டர் யாரோ அவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வால்வுப் பெட்டியிலேயே ஒட்டி வையுங்கள். இதற்குச் செலவு ஒரு பேப்பர்.

அடுத்தது, எந்தப் பக்கம் போவது. கீழே ஓடு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஒரு ஐசியூ நோயாளியைப் படியில் இறக்க நாலு பேர் வேண்டும், ராத்திரி நாலு பேர் கிடையாது. முதலில் பக்கவாட்டில் போக வேண்டும்: அதே மாடியில், புகை வராத அடுத்த பகுதிக்கு, நடுவில் ஒரு கதவை இழுத்து மூடி. 2016 தேசியக் கட்டிட விதிகள் ஆஸ்பத்திரி மாடிகளைத் தீத்தடுப்புக் கதவுகளால் பிரிக்கச் சொல்வது இதற்குத்தான். சரி, உங்களுடையது ஹவுசிங் சொசைட்டி கட்டிடத்தில் இரண்டு ஃப்ளாட்டை இணைத்த நர்சிங் ஹோம், தீத்தடுப்புக் கதவுக்கு எங்கே போவது என்பீர்கள். கனமான மரக்கதவு ஒன்றாவது போடுங்கள். அடியில் ஈரப் போர்வையைத் திணித்தால் சில நிமிடம் புகையைப் பிடித்து நிறுத்தும். எதிர் ஃப்ளாட்காரரிடமும் ஒரு வார்த்தை பேசி வையுங்கள். பார்க்கிங் சண்டையை ஒரு நாள் ஒத்திப்போட்டுவிட்டுப் பேசுங்கள். உங்கள் நோயாளிக்கு மிக அருகில் இருக்கும் புகையில்லாத அறை அவருடைய ஹாலாக இருக்கலாம்.

லிஃப்ட் கூடாது. இது தெரியாதவர் இல்லை, ஆனாலும் கால் தானாக அங்கேதான் போகிறது. 2024 டிசம்பரில் நம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீ பிடித்து ஆறு பேர் போனார்களே, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறியவர்கள்.

நோயாளியைத் தூக்கும் வித்தையும் இருட்டில் பழகினால்தான் வரும். போர்வையின் இரண்டு ஓரத்தையும் சுருட்டி, தலைப்பக்கம் பிடித்துத் தரையோடு இழுப்பது. ஒரு ஆள் ஒரு ஆளை இழுத்துவிடலாம். இடுப்பு வலிக்கும், ஆனால் முடியும். ஒத்திகைக்கு நோயாளியைத் தொட வேண்டாம். காலி பெட்டில் அறுபது கிலோவுக்கு அரிசி மூட்டைகளை அடுக்கிக் கட்டி இழுக்கச் சொல்லுங்கள். கதவு நிலைப்படியில் மூட்டை மாட்டும். காரிடாரில் ஸ்ட்ரெச்சர் குறுக்கே நிற்கும். தண்ணீர் கேன்கள் அடுக்கியிருக்கும். பகலில் பேனர் கட்டும்போது இதையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிடுகிறோம். ராத்திரி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

பாஷை விஷயமும் இருக்கிறது. ஏஜென்சிக்காரர் இந்தியில் சொல்வார், போர்டு இங்கிலீஷில் இருக்கும், டூட்டியில் இருப்பது மணிப்பூர்ப் பெண்ணும் திருநெல்வேலிப் பெண்ணும் கொங்கணி மௌசியும். தீ என்பதற்குச் சங்கேதமாக "கோட் ரெட்" என்று மைக்கில் சொல்ல வேண்டுமாம். மைக் ரிசப்ஷனில், ரிசப்ஷனிஸ்ட் வீட்டில். எல்லோருக்கும் வாயில் வரக்கூடிய ஒரு கூப்பாட்டை முடிவு செய்து, அதை ராத்திரி டூட்டி ஆட்களை நிஜமாகவே கத்தவைத்துப் பாருங்கள். வெட்கப்படுவார்கள். வெட்கம் போகும் வரை கத்தட்டும்.

அட்மிஷன் போடும்போது டெபாசிட், பார்வை நேரம், கேன்டீன் எல்லாம் சொல்கிறோம். கூட இருக்கும் சொந்தக்காரரிடம் "இதுதான் பின்படிக்கட்டு" என்று கையைக் காட்டி ஒரு வார்த்தை சொல்வதில்லை. ராத்திரியில் உங்களிடம் உள்ள ஆள்பலமே அந்தச் சொந்தக்காரர்கள்தான். கொல்கத்தாவில் அக்கம்பக்கத்துப் பையன்கள் புகையைப் பார்த்து ஓடி வந்தபோது, உள்ளே விடாமல் காவலாளிகள் திருப்பி அனுப்பினார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. 101க்கு போன் போடுவதும் அங்கே தாமதமானது. சின்னத் தீதானே, நாமே அணைத்துவிடலாம், பெயர் கெட்டுவிடும் என்ற நினைப்பு. அந்த நினைப்பு எனக்கும் வந்தது, டாக்டர். உங்களுக்குப் போன் போடவா, 101க்குப் போடவா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த நொடியை எங்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். 101க்குப் போட்டதற்காக யாரையும் திட்ட மாட்டேன் என்று ராத்திரி டூட்டி ஆட்கள் முன்னால் ஒருமுறை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அதே கொல்கத்தா ஆஸ்பத்திரியில் கேரளத்திலிருந்து வந்த இரண்டு சிஸ்டர்கள் எட்டு நோயாளிகளை வெளியே சேர்த்துவிட்டு, ஒன்பதாவது ஆளுக்காகப் போனவர்கள் திரும்பவில்லை. பண்டாராவில் டூட்டியில் இருந்த நர்ஸ்கள் மேல் போலீஸ் வழக்குப் போட்டது. யார் மேல் தப்பு என்பதை நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி சிஸ்டருக்கு இந்த நாட்டில் இரண்டே இடம்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது: படத்துக்கு மாலை, இல்லையென்றால் எஃப்ஐஆர். இதைச் சொன்னதற்கு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

முடியாத காரியம் ஒன்றையும் கேட்கவில்லை. 2021 மார்ச் கடைசியில் டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி ஐசியூவில் விடியற்காலையில் தீ பிடித்தது. அங்கிருந்த ஐம்பது பேர் அளவிலான நோயாளிகளையும் வேறு வார்டுக்கு மாற்றினார்கள், ஒருவரும் சாகவில்லை. அந்த வாரப் பேப்பரில் அதற்குச் சின்ன இடம்தான் கிடைத்தது.

நோயாளிகள் பயந்துவிடுவார்கள், தூக்கம் கெடும் என்பீர்கள். சாயங்காலமே சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். மணி அடிக்க வேண்டாம், விளக்குப் போட வேண்டாம். ஒரு மாடி, ஒரு காலி பெட், இருபது நிமிடம். ஊழியர்களுக்கு மட்டும் எந்த நாள் என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு நீங்களும் வந்து காரிடாரில் நில்லுங்கள். மேனேஜரை அனுப்பாதீர்கள். சங்கிலிப் பூட்டின் சாவி வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று உங்கள் வாட்சிலேயே பாருங்கள்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குச் செம்பூரில் ஆட்டோ கிடைக்கும், எனக்கு அந்த நேரத்தில் தூக்கமும் வராது, பழகிவிட்டது. அந்த பிளாஸ்டர் கத்தரிக்கோல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டு வர மாட்டேன். சீலைக் கையால் திருகி அறுக்க உங்கள் பெண்களுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நைட் சிஸ்டர் ஒருத்தி,
செம்பூர், மும்பை